புயல் கரையைக் கடந்த பிறகுதான் நம் கடைக்கு வருகிறது

ஐப்பசி பிறந்ததும் நாம் தீபாவளிச் சரக்கில் மூழ்கிவிடுகிறோம். கார்த்திகை வந்ததும் பற்று வசூலில் இறங்கிவிடுகிறோம். இந்த இரண்டு மாதங்களும் மார்கழியின் முற்பாதியும்தான் வங்கக் கடலில் புயல்கள் உருவாகித் தமிழகக் கரையை நோக்கி வரும் காலம் என்பது நம்மில் யாருக்கும் தெரியாததல்ல. ஆனாலும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டார வணிகர்களிடம் ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது. "புயல் என்றால் அது கடலூருக்கு, நாகைக்கு, சென்னைக்கு. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் நமக்கென்ன?" என்பதே அந்த எண்ணம்.

தொலைக்காட்சியில் "புயல் கரையைக் கடந்தது, வலுவிழந்தது" என்று சொன்னவுடன் நம் கடைத்தெருவில் பெருமூச்சு விடுகிறார்கள். மூடி வைத்த ஷட்டரைத் தூக்குகிறார்கள். போர்த்திய தார்ப்பாயைச் சுருட்டி வைக்கிறார்கள். உண்மையில் அந்த வேளையில்தான் புயல் நம் பக்கம் திரும்புகிறது. கடலோர வணிகருக்கு எச்சரிக்கை முடிகிற நேரம் நமக்குத் தொடங்குகிற நேரம். இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் நம் இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்ததைத் திரும்பிப் பார்ப்போம்

2020 நவம்பர் 25ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் அது வலுக்குறைந்து வடமேற்காக நகர்ந்து நம் மாவட்டங்களின் பக்கம் வந்தது. பொன்னை ஆற்றில் வெள்ளம் பெருக்கெடுத்தது. கடற்கரை மூச்சு விட்ட அன்றுதான் நம் பக்கத்து ஆற்றோர மக்கள் மேடு தேடினார்கள்.

2021 நவம்பரில் வந்ததோ புயலே அல்ல. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், நவம்பர் 19ஆம் தேதி அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று காலையில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் மாண்டார்கள். வாலாஜா அணைக்கட்டில் பாலாறு நொடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் ஓடியது. ஆம்பூரையும் குடியாத்தத்தையும் இணைக்கும் மாதனூர்–உள்ளி தரைப்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. விரிஞ்சிபுரம் தரைப்பாலமும் தப்பவில்லை. அதோடு முடிந்ததா? அடுத்த மாதம் திருவலம் அருகே பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு, காட்பாடி–சென்னை மார்க்கத்தில் ரயில்களை நிறுத்த வேண்டியதாயிற்று. வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்தும் அதன் விளைவு போக்குவரத்தில் தெரிந்தது.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாள் அது புயல் என்ற நிலையிலிருந்து இறங்கிவிட்டது. ஆனால் டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஊத்தங்கரை எங்கே இருக்கிறது? திருப்பத்தூருக்கு அடுத்த பக்கத்தில். கடலின் வாடையே அறியாத ஊர். சாலையோரம் நிறுத்தியிருந்த வாகனங்கள் உருண்டோடியதை நாடே பார்த்தது. திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் இறந்ததும் புயல் கரையேறிய மறுநாள்தான்.

பழைய கதையும் ஒன்று உண்டு. 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடிக்குள் புகுந்து ஏறக்குறைய 200 பேரைக் கொண்டுபோயிற்று. மேலே கர்நாடகத்தில் பேத்தமங்கலம் ஏரி உடைந்ததே காரணம். அந்த வெள்ளத்தின் நினைவுத் தூண் இன்றும் வாணியம்பாடியில் நிற்கிறது. ஆற்றில் மணலைத் தவிர வேறெதையும் பார்க்காத நம் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவது நல்லது.

காற்று குறைந்தால் மழை குறையாது

இதற்கான காரணத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். புயலுக்கு வைக்கும் பெயரும் தரமும் காற்றின் வேகத்தை வைத்து வருபவை. மணிக்கு 31 முதல் 50 கிலோமீட்டர் என்றால் தாழ்வு மண்டலம். 51 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். 89 முதல் 117 வரை தீவிரப் புயல். அதற்கு மேல் அதி தீவிரப் புயல். நிலத்தில் ஏறியதும் கடலின் ஈரமும் வெப்பமும் கிடைக்காமல் காற்று வேகம் இழக்கிறது. ஆகவே தரமும் இறங்குகிறது. ஆனால் அது சுமந்து வந்த ஈரம் உடனே தீர்ந்துவிடுவதில்லை. கிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்று ஜவ்வாது மலையிலும் ஆந்திர எல்லை மலைகளிலும் மோதி மேலேறும்போது மழை கூடுகிறது. சுழற்சி மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கிறது.

நம் ஆறுகளின் குணம் இன்னொரு காரணம். பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து ஆந்திரம் வழியாக நம்மிடம் வருகிறது. பொன்னை ஆற்றுக்குச் சித்தூர் மாவட்டத்துக் கலவகுண்டா அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. குடியாத்தம் ஊருக்குள் ஓடும் கவுண்டன்ய ஆற்றுக்கு மேலே மோர்தானா அணை இருக்கிறது. மழை மேலே பெய்கிறது, வெள்ளம் கீழே வருகிறது. வானம் வெளுத்துவிட்டது என்று நாம் கடையைத் திறக்கும் நேரத்தில் ஆறு ஏறிக்கொண்டிருக்கும். வேலூர் நகரில் நிக்கல்சன் கால்வாயை ஒட்டிய கன்சால்பேட்டை போன்ற பகுதிகளில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அறிவிப்பை வாசிக்கத் தெரிய வேண்டும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலுக்கு நான்கு கட்டமாக அறிவிப்பு தருகிறது. 72 மணி நேரத்துக்கு முன் முதல் கட்டம், 48 மணிக்கு முன் இரண்டாவது, 24 மணிக்கு முன் மூன்றாவது. இவை மூன்றும் கடலோர மாவட்டங்களை முன்வைத்தவை. நான்காவது கட்டம் புயல் கரையேறுவதற்கு 12 மணி நேரம் முன்பு வருகிறது. கரையைக் கடந்த பிறகு எந்தத் திசையில் போகும், உள் மாவட்டங்களில் என்ன மழை, என்ன காற்று என்பதைச் சொல்வது அதுதான். நம் வணிகர்கள் முதல் மூன்றையும் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, நமக்கென்றே வரும் நான்காவதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்பது கப்பல்காரருக்கும் மீனவருக்கும் உரிய செய்தி. நமக்கு வேண்டியது மாவட்ட மழை எச்சரிக்கை.

நான்கைந்து நாள்களுக்கு முன்பே மாவட்ட வாரியாக நிறம் காட்டி அது வெளியாகிறது. மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள் என்று பொருள். சென்டிமீட்டர் கணக்கில் ஏறக்குறைய 7 முதல் 11 வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. மாவட்டத்தில் மழை பதியும் இடங்களில் கால்பங்குக்குள் என்பது அதன் பொருள். நம் தெருவில் பெய்யவில்லை என்பதால் அறிவிப்பு பொய்யாகிவிடாது. பேரணாம்பட்டில் பெய்தது ஆம்பூரில் பெய்யாமல் போகலாம், மறுமுறை மாறியும் நடக்கலாம்.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, மேல்விஷாரம், அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே இருக்கின்றன. பழைய பழக்கத்தில் வேலூர் என்ற பெயரை மட்டும் தேடும் ஆம்பூர் வணிகர் தனக்கான எச்சரிக்கையைத் தவறவிடுவார். அதோடு சித்தூர் மாவட்டத்துக்கும் கோலார் மாவட்டத்துக்கும் என்ன நிறம் என்று பார்ப்பதும் அவசியம். நம் ஆற்றுத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

கணிப்பு தவறினால்?

"மூன்று முறை சிவப்பு என்றார்கள், ஒரு சொட்டுக்கூட விழவில்லை, நான்காம் முறை ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஃபெஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். புயலாகும் என்றார்கள், பிறகு ஆகாது என்றார்கள், மறுநாள் புயலாகிவிட்டது. கடலில் அது நகர்ந்த வேகமும் எதிர்பார்த்தபடி இல்லை. வானிலைக் கணிப்பில் நெடுநாள் அனுபவம் உள்ள இங்கிலாந்திலேயே 1987 அக்டோபரில் வந்த பெரும் காற்றின் கடுமையை முன்னதாகச் சொல்ல முடியவில்லை. ஒரே இரவில் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. கணிப்பு ஜோசியம் அல்ல, வாய்ப்பைச் சொல்லும் கணக்கு.

கணக்கு என்றால் நமக்குத் தெரியாததா? ஒரு மொத்தக் கடையில் அடி வரிசையில் 30 மூட்டை சர்க்கரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டை 2,000 ரூபாய் என்றாலும் 60,000 ரூபாய்ச் சரக்கு. அட்டியைப் பிரித்து மேடையில் ஏற்றி அடுக்க 2,000 ரூபாய் கூலி ஆகட்டும். ஐந்து எச்சரிக்கையில் நான்கு பொய்த்து ஒன்று மட்டும் பலித்தாலும், கூலி 10,000 போக 50,000 மிச்சம். முப்பதில் ஒன்று பலித்தால்தான் கணக்கு நேராகும். இப்படி லாபம் தரும் சரக்கு வேறு எதுவும் நம் கடையில் இல்லை.

முன்னறிவிப்பை நம்பிச் செயல்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசா சாட்சி. 1999இல் வந்த பெரும் புயலில் அங்கே ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது பல லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது.

கடையில் செய்ய வேண்டியவை

மஞ்சள் நிறம் வந்த அன்றே கடையின் முன் சாக்கடையைத் தூர் வார வேண்டும். நம் கடைத்தெருவில் வெள்ளம் புகுவதற்குப் பாதிக் காரணம் நாம் போடும் பிளாஸ்டிக் பையும் அட்டையும்தான். இதைச் சொன்னால் கோபம் வரலாம், ஆனாலும் உண்மை.

ஆரஞ்சு வந்ததும் சரக்கைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். ஈரத்தில் கரையும் சர்க்கரை, வெல்லம், உப்பு முதலில். அடுத்து மாவு வகைகளும் பருப்பும். எண்ணெய் டின்கள் கடைசியாக இருக்கட்டும். மூட்டைக்குக் கீழே மரக்கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குவது நல்லது. சுவர் ஓதம் ஏறினாலும் சரக்குக்கு வராது. பெயர்ப் பலகை, பிளெக்ஸ், கூரைத் தகரம் ஆகியவற்றின் கம்பியையும் போல்ட்டையும் பார்க்க வேண்டும். பறந்து போகும் ஒரு தகரம் தெருவில் போகிற ஒருவரின் கழுத்தைப் பதம் பார்க்கும். தராசு, கணினி, பில் போடும் இயந்திரம், கணக்கு நோட்டு, உரிமம் எல்லாம் மேல் தட்டுக்கு ஏறட்டும்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லை. மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் போனதால் அட்டை தேய்க்கும் இயந்திரமும் வேலை செய்யவில்லை. இன்று நம் வியாபாரத்தில் பாதி செல்போனில் நடக்கிறது. கார்த்திகை மாதத்தில் நான்கு நாளைக்குத் தேவையான சில்லறை கடையில் இருக்கட்டும்.

சிவப்பு என்றால் கடையை மூடுங்கள். இதில் தயக்கம் வேண்டாம். நம் மண்டிகளில் பல பழைய சுண்ணாம்புச் சுவர், மண் சுவர்க் கட்டடங்கள். கிடங்கில் படுத்துறங்கும் பையனும், மூட்டை தூக்கும் தொழிலாளியும், தரைப்பாலம் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டிய விற்பனைப் பெண்ணும் நம்மை நம்பி இருக்கிறார்கள். பேரணாம்பட்டில் இடிந்தது வீட்டுச் சுவர். நாளை அது நம் கிடங்குச் சுவராக இருக்கலாம். ஒரு நாள் வியாபாரத்தை மறுநாள் பிடித்துவிடலாம். உயிரை எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க முடியாது.

காப்பீடும் வரியும்

2021 ஏப்ரல் முதல் சிறு வணிகர்களுக்கென்று பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரையுள்ள சொத்துக்கும் சரக்குக்கும் அது பொருந்தும். தீ மட்டுமல்ல, புயல், வெள்ளம் இரண்டும் அதில் அடங்கும். கடன் கொடுத்த வங்கி எடுத்திருக்கும் பாலிசியில் சரக்கு சேர்ந்திருக்கிறதா, கிடங்கின் முகவரி சரியா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பிரீமியத்தை மிச்சப்படுத்த இருப்பைக் குறைத்துக் காட்டினால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறைய இடமுண்டு. சிவப்பு எச்சரிக்கை வந்தவுடன் சரக்கைச் செல்போனில் படம் எடுத்து, இருப்புக் கணக்கை ஒரு தாளில் எழுதி வெளியூர் உறவினருக்கு அனுப்பி வைப்பது நல்லது.

வரிச் சட்டத்தையும் மறக்கக் கூடாது. வெள்ளத்தில் அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவுப்படி திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கும் போய், வரியும் போகிறது. இயற்கைச் சீற்றத்தில் அழிந்த சரக்குக்காவது விலக்கு தர வேண்டும் என்று வணிகர் சங்கங்கள் ஒருமித்துக் கேட்க வேண்டும். இது சலுகையல்ல, நியாயம்.

விலையும் பெயரும்

2015 சென்னை வெள்ளத்தின்போது பால் பாக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களைப் பற்றிய செய்தி வெளிவந்தது. அவர்கள் சிலர்தான், கடனுக்கும் இலவசமாகவும் கொடுத்த வணிகர்கள் ஏராளம். ஆனால் ஊர் வாயில் நின்றது அந்தச் சிலரின் கதை. நம் பகுதியில் வாடிக்கையாளர் யார்? தோல் ஆலைத் தொழிலாளி, காலணிக் கம்பெனிக்குப் போகும் பெண்கள், பீடி சுற்றும் குடும்பங்கள். பாலம் போனால் அவர்களுக்கு வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. அந்த வாரம் அவர்கள் நம்மிடம் பற்று வைத்துத்தான் அரிசி வாங்குவார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி ஆகியவற்றை முன்கூட்டிக் கொள்முதல் செய்து பழைய விலைக்கே விற்பவரை அவர்கள் பத்து வருடம் மறக்க மாட்டார்கள்.

சங்கங்களின் கடமை

தனி ஆளாக இதையெல்லாம் கவனிக்க முடியாது. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலைப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். காலையும் மாலையும் வானிலை மையத்தின் அறிவிப்பைப் பார்த்து, நான்கு வரியில் உறுப்பினர்களின் செல்போனுக்கு அனுப்புவதே அவர் வேலை. வதந்தியைப் பரப்பாமல் இருப்பதும் அதில் சேரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகிய எண்கள் ஒவ்வொரு கல்லாவுக்கும் மேலே ஒட்டியிருக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. கலவகுண்டாவிலும் மோர்தானாவிலும் தண்ணீர் திறப்பதை, எந்த ஊரை எத்தனை மணிக்கு எட்டும் என்ற கணக்கோடு சங்கங்களுக்கு நேராகத் தெரிவிக்க வேண்டும். புயல் காலத்துக்கு முன் கால்வாய் தூர்வாரும் பணியைப் பார்வையிடச் சங்கப் பிரதிநிதியையும் அழைக்க வேண்டும். தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் படைப்பிரிவு நம் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. புயல் என்றால் அங்கிருந்து கடற்கரைக்கு வண்டிகள் புறப்படுகின்றன. புயல் உள்நாடு வரும் நாளில் நம் மாவட்டங்களுக்கும் ஒரு குழுவை நிறுத்தி வைக்கும்படி கேட்பது நம் உரிமை.

அடுத்த முறை "புயல் கரையைக் கடந்தது" என்ற செய்தி வரும்போது நம் வணிகர்கள் ஷட்டரைத் தூக்கும் முன் ஒரு கேள்வி கேட்கட்டும்: கடந்து எங்கே வருகிறது? அதற்கு விடை கிடைக்கும்வரை மூட்டை மேடையிலேயே இருக்கட்டும், தொழிலாளி வீட்டிலேயே இருக்கட்டும்.